இசோவின் அடுப்பும் இரண்டு தாள் படமும்

வீட்டுச் சுவரில் அந்தப் படம் ஏறிய நாளிலிருந்து இசோவுக்கு அடுப்பு மூட்டுவதே பெரும்பாடாகிவிட்டது.

இசோவுக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. ஓங்கா ஆற்றுப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கங்களில் பன்னிரண்டு வயதிலிருந்து கரி இழுத்தவள். புருஷன் தோராகிச்சி முன்னால் ஒருக்களித்துப் படுத்துக் கரியை வெட்டுவான். அவள் பின்னால் குனிந்தபடி, கரி நிரம்பிய சறுக்குப்பெட்டியைத் தோளில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போவாள். அந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் பாதி அதுதான். "உன் வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?" என்று யாராவது கேட்டால், "உள்ளங்காலைப் பத்திக் கேளு, சொல்றேன். முகத்தை எங்கே பார்த்தேன்?" என்பாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, மசுஜிரோ. போன இலையுதிர் காலத்தில் பட்டாளத்தோடு கப்பலேறிச் சீன தேசத்துச் சண்டைக்குப் போனவன். வருஷக் கடைசி வரைக்கும் மாதம் ஒரு கடுதாசி வந்தது. புது வருஷம் பிறந்த பிறகு ஒன்றும் வரவில்லை. எழுபது நாள் ஆகிவிட்டது. உயிரோடு இருக்கிறானா, இல்லையா? காலையில் கண் விழிக்கும்போது இந்தக் கேள்விதான் முதலில் விழித்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருக்கும். அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று "சரி" என்று சொல்லிவிடுமோ என்று பயம்.

படம் கொண்டுவந்தவர் ஹெய்சுகே என்ற மருந்துக்காரர். தூரத்து வடக்குச் சீமையிலிருந்து முதுகில் ஐந்தடுக்குப் பெட்டியோடு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டுக்கு வீடு மருந்துப் பையைத் தொங்கவிட்டுப் போவார். மறு வருஷம் வந்து, தீர்ந்த மருந்தை நிரப்பிவிட்டு, போகிறபோது ஒரு வண்ணப் படத்தை இனாமாகக் கொடுப்பார். வழக்கமாக வருவது உள்ளங்கையகலச் சாமி படமோ, கூத்தாடி படமோதான். இந்த வருஷம் அகலமான இரண்டு தாள்களை எடுத்து வைத்தார்.

"எங்கே பார்த்தாலும் போர்ப் படந்தான் அக்கா. பட்டணத்துல அடிச்சுக் குவிக்கிறான். இது படக்கடையில மிஞ்சின தாள். உன் பிள்ளை பட்டாளத்துக்குப் போயிருக்கான்னு சொன்னாங்க. ரெண்டையும் வெச்சுக்கோ."

"ரெண்டுமா? ஒண்ணுதானே குடுப்பீங்க?"

"வெச்சுக்கோன்னா வெச்சுக்கோ. வயித்துவலி மாத்திரைக்கு ரெண்டு படம்னு கணக்கு இல்லை" என்று சிரித்துவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

முதல் தாளில் பனி மூடிய மலை. ஒரு சிப்பாய் தொப்பி இல்லாமல் இடப்பக்கமாகப் பாய்ந்து ஓடுகிறான். நீட்டிய கை தாளின் ஓரத்தை முட்டுகிறது. வாய் திறந்திருக்கிறது. ஒரு காது மட்டும் காளான் குடை மாதிரி விடைத்துக்கொண்டு நிற்கிறது.

இசோ அந்தக் காதைப் பார்த்தாள். பெற்ற அன்றைக்கு மருத்துவச்சி, "இந்தக் காதைப் பிடிச்சே பையனைத் தூக்கலாம்" என்று சொன்ன காது.

இரண்டாவது தாளில் ஓர் ஆஸ்பத்திரி. வெள்ளைக் கட்டில்கள். நடுவில் மகாராணி, வெள்ளைக்காரச் சீமைப் பாணியில் தரையைத் தொடும் ஊதா கவுன் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள் முன்னால் தலை முழுக்கக் கட்டுப் போட்ட ஒருவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வணங்குகிறான். கட்டுக்குள் காது இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

இசோவுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கியது. சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பசையாக்கி, இரண்டு தாளையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மரச்சுவரில் ஒட்டினாள். வலப்பக்கம் பிள்ளை ஓடுகிறான். இடப்பக்கம் அடிபட்டுப் படுத்திருக்கிறான், மகாராணியே வந்து பார்க்கிறாள். உயிரோடுதான் இருக்கிறான்!

தோராகிச்சி வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"காது அவன் காதுதான்" என்றான். "ஆனா இவ்வளவு வேகமா அவன் எப்ப ஓடினான்?"

அடுத்த வீட்டு ஷிகே புருஷனைச் சுரங்கத்தில் பறிகொடுத்தவள். நாக்கை மட்டும் பறிகொடுக்காதவள். கேள்விப்பட்டவுடனே வந்துவிட்டாள்.

"ஐயோ இசோக்கா! மகாராணியை அடுப்புக்கு நேரா வெச்சிருக்கியே! நீ மத்தி சுடுறதை அவங்க பார்த்துக்கிட்டு நிக்கணுமா?"

"வேற சுவர் எங்கடி இருக்கு? அந்தப் பக்கம் உன் வீடு, இந்தப் பக்கம் கதவு."

"புகை அடிச்சு மூணு நாள்ல மகாராணி நம்மளை மாதிரி கறுத்துப் போவாங்க. அப்புறம் பெட்டி இழுக்க நீயே கூட்டிட்டுப் போ!"

இசோ சிரித்தாள். சிரித்த வாய் மூடவில்லை, பயம் பிடித்துக்கொண்டது. மகாராணி முகத்தில் கரி படிவதா? பிள்ளையைப் பார்க்க வந்த புண்ணியவதியின் முகத்தில்? அங்கெல்லாம் எந்த வீட்டில் அடுப்பெரித்தாலும் சுரங்கத்துக் கரிதான். எரிகிறபோது மஞ்சளும் கறுப்புமாகப் புகை கிளம்பி, தொண்டையில் முடிச்சுப் போடும். அடுப்பைக் கதவோரம் நகர்த்திக் கட்டினாள். காற்று புகையை உள்ளே திருப்பி அனுப்பியது. சமைக்கிறபோது படத்தின் மேல் துண்டைத் தொங்கவிட்டாள். பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடுவது மாதிரி இருந்தது. பதறிப்போய் உடனே எடுத்துவிட்டாள்.

அதே வாரத்தில்தான் அவர்கள் வெட்டும் இடத்தில் குறுக்குக்கல் வந்தது.

கரி நல்லபடியாக இடுப்புயரத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அதன் பளபளப்பு போனது. மறுநாள் சாம்பல் நிறமாகி, விரல் விரலாகப் பிளந்து விழ ஆரம்பித்தது. மூன்றாம் நாள் தோராகிச்சியின் கொத்துளி பொறி பறக்கத் துள்ளித் திரும்பியது. விளக்கைத் தூக்கிப் பார்த்தால், தரையிலிருந்து கூரை வரை செங்குத்தாகக் கருங்கல், யாரோ கட்டி வைத்த சுவர் மாதிரி நின்றது.

"வந்துட்டான்" என்றான் தோராகிச்சி. "என்னிக்கோ கீழேருந்து நெருப்புக் குழம்பாக் கிளம்பி, கரியைக் கிழிச்சுக்கிட்டு மேல போயி, அப்படியே உறைஞ்ச கல்லு. தொட்ட பக்கமெல்லாம் கரியை வேக வெச்சிட்டுப் போயிருக்கான்."

"அந்தப் பக்கம் கரி இருக்குமா?"

"இருக்கும். இல்லாமலும் இருக்கும். நான் என்ன, கல்லுக்குள்ள போயிட்டு வந்தவனா?"

கல்லைத் துளைத்துப் பார்க்கச் சொல்லி மேற்பார்வையாளர் உத்தரவு போட்டார். வெந்து சாம்பல் பூத்த கரியை அங்கே 'செத்த கரி' என்பார்கள். கப்பலுக்கும் ஆகாது, ஆலைக்கும் ஆகாது என்று ஓரமாகக் கொட்டிவிடுவார்கள். தீப்பிடிக்க அரை மணி நேரம் விசிற வேண்டும். ஆனால் பிடித்துவிட்டால் புகையே வராது. இசோவுக்கு அது நினைவு வந்தது. ஒரு கூடை செத்த கரியை வீட்டுக்கு எடுத்துவந்து, கை ஓயுமட்டும் விசிறினாள். அடுப்பு மெல்லச் சிவந்தது. ஒரு நூல் புகை இல்லை. சோறு கொதித்தது. மகாராணியின் முகம் பால் மாதிரி வெளுத்திருந்தது. இசோ அடுப்பைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை ஷிகே எட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

"அக்கா, இது செத்த கரிதானே?"

"ஆமா. புகையே இல்லை பாரு!"

"பிள்ளையை யுத்தத்துக்கு அனுப்பிட்டு, அவன் படத்துக்குக் கீழேயே செத்ததை எரிக்கிறியே. நான் ஒண்ணும் சொல்லலை. எனக்கு எதுக்கு? ஆனா நானா இருந்தா எரிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இசோ விசிறியைக் கீழே போட்டாள். சுரங்கத்துக்குள் யாரும் சீட்டியடிக்க மாட்டார்கள். இறங்குகிற நாள் காலையில் சோற்றில் சூப்பை ஊற்றிச் சாப்பிட மாட்டார்கள். சொல்லுக்கும் செயலுக்கும் அவ்வளவு பயப்படுகிற ஜனம். புகை விடுகிற உயிருள்ள கரியை எரித்தால் மகாராணிக்கு அவமரியாதை. செத்த கரியை எரித்தால் பிள்ளைக்குத் தீங்கு. எரிக்காமல் இருந்தால் புருஷனுக்குச் சோறு இல்லை. சுரங்க வாயிலில் இருந்த மலைத் தெய்வத்தின் சின்னக் கோயில் முன்னால் நின்று, "தாயே, எதைப் போடட்டும்?" என்று கேட்டாள். மலைத் தெய்வம் கரியைக் கொடுத்ததே தவிர, இதற்குப் பதில் கொடுக்கவில்லை.

அப்புறம் அவள் தானே ஒரு வழி பண்ணினாள். ஒருநாள் உயிருள்ள கரி, ஒருநாள் செத்த கரி. உயிருள்ள கரி எரிகிற நாளில் விசிறியால் புகையை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே, "மன்னிச்சுக்கோங்கம்மா" என்று மகாராணியிடம் சொல்வாள். செத்த கரி எரிகிற நாளில் அமிதா புத்தர் பெயரை நூறு தடவை சொல்வாள். எண்பதைத் தாண்டியதும் எண்ணிக்கை குழம்பிப் போகும், முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதற்குள் சோறு அடிபிடித்துவிடும்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சாங்க? மகாராணியா, புத்தரா?" என்று தோராகிச்சி தீய்ந்த சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்பான்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடுங்க. ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

கல்லைத் துளைக்கிற வேலை ஆறாவது நாளாக நடந்தது. உடைந்த கல்லை வாரிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த இசோ, விளக்கைச் சுவரில் மாட்டிவிட்டு மூச்சு வாங்க நின்றாள். இந்தப் பக்கம் கரி, கல்லோரம் வந்து நின்றுவிட்டது. வரவர அது எப்படி நிறம் மாறி, எப்படிச் சாம்பலாகிக் கல்லைத் தொடுகிறது என்று இப்போது அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஒன்று இன்னொன்றைத் தொட்டால் தொட்ட இடம் மாறியிருக்கும்.

பெட்டிக் கயிற்றைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அவள் அசையாமல் நின்றாள். வீட்டுப் படத்தில் அப்படி இல்லையே.

வலத் தாளில் பனி ஓரம் வரைக்கும் பனியாகவே வருகிறது. இடத் தாள் ஆரம்பிக்கிற இடத்திலேயே பலகைத் தரை. பனி கொஞ்சம்கூடக் கரையவில்லை. பலகையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிள்ளையின் நீட்டிய கை முடிகிற இடத்தில் விரல்நுனி அந்தப் பக்கம் இல்லை. ஒரு கட்டில் கால் இருக்கிறது.

"ஏங்க" என்றாள். "நடுவுல ஒண்ணு இருக்கு."

"அதைத்தானே ஆறு நாளா உடைச்சுக்கிட்டு இருக்கேன்."

"இது இல்லைங்க. படத்துல. நடுவுல ஒரு தாள் இருந்திருக்கணும். அதுலதான் அவனுக்கு என்னமோ நடந்திருக்கு."

தோராகிச்சி கொத்துளியைக் கீழே வைத்தான். அவனும் அன்றைக்கு வேகமாக வேலை செய்யவில்லை.

இறங்குபவர்களுக்கு விளக்குக் கொடுக்கிற அறையில் உஷிஜிமா என்ற வயதான எழுத்தர் இருந்தார். சுற்றுவட்டாரத்தில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான். அடுத்த ஓய்வு நாளில் இசோ அவரைக் கையோடு அழைத்துவந்தாள். ஷிகேயும் கூப்பிடாமலே வந்து நின்றாள். உஷிஜிமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு தாளின் ஓரங்களில் இருந்த பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தார்.

"காணாமப் போனது நடுத் தாள் ஒண்ணு மட்டும் இல்லை அம்மா" என்றார். "நாலு தாள் காணோம். இது ஒரு படத்தோட வலப்பக்கம். அது வேறொரு படத்தோட இடப்பக்கம். மூணு தாள் சேர்ந்தது ஒரு படம்; இங்கே ரெண்டு படத்துலேருந்தும் படத்துக்கு ஒரு துண்டு வந்திருக்கு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்ப இந்த ஓடுற பையன்?"

"பேரு போட்டிருக்கே. வடக்கே ஏதோ ஊர்க்காரன். உன் பிள்ளை இல்லை."

"காது..."

"காது எல்லாருக்கும் இருக்கும்மா" என்றார் உஷிஜிமா, மெதுவாகத்தான்.

"கட்டுப் போட்டவன்?"

"அவனுக்குப் பேரே போடலை."

இசோ எழுத்தருக்குத் தேநீர் கொடுத்தாள். ஊறுகாய் முள்ளங்கி வைத்தாள். தலைகுனிந்து வழியனுப்பினாள். பிறகு திரும்பி வந்து படத்தைப் பார்த்தாள். ஓடுகிறவன் தன் பிள்ளை இல்லையென்றால், இத்தனை நாள் யாருக்காகப் புத்தர் பெயரைச் சொன்னாள்? வேறொருத்தி பெற்ற பிள்ளைக்கு. அது வீண் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. அவனுக்கும் ஒரு தாய் எங்கேயோ அடுப்பூதிக்கொண்டு இருப்பாள். ஆனால் தன் பிள்ளை? முந்தின நாள் வரை அடிபட்டாவது கிடந்தான். இன்றைக்கு எங்கேயும் இல்லாமல் போய்விட்டான்.

படத்தைப் பிய்த்துவிடலாம் என்று ஓரத்தில் நகத்தை வைத்தாள். சோற்றுப்பசை மரத்தோடு இறுகிப் போயிருந்தது. இழுத்தால் மகாராணி கிழிவாள். இந்தப் பக்கமிருந்து இழுத்தால் யார் பெற்ற பிள்ளையோ கிழிவான். நகத்தை எடுத்துவிட்டாள். அன்றைக்கு எந்தக் கரியையும் மூட்டவில்லை. தோராகிச்சி ஆறின சோற்றையே தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பதினோரு நாள் கழித்து, பகல் வேலை முடிந்து எல்லாரும் மேலே வந்தபோது, விளக்கறை வாசலில் உஷிஜிமா கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றார். அவர் கையில் அட்டைக் கடுதாசி.

இசோ ஓடவில்லை. தோளிலிருந்த கயிற்றைக்கூட எடுக்காமல் மெல்ல நடந்து போய் நின்றாள்.

"படிங்க" என்றான் தோராகிச்சி. "எதுவானாலும் படிங்க."

உஷிஜிமா வாசித்தார். "அப்பா அம்மாவுக்கு. நான் ஹிரோஷிமா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். என்னைச் சண்டை நடந்த கோட்டைப் பக்கம் அனுப்பவே இல்லை. மூட்டை சுமக்கிற குதிரைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு குண்டும் என் மேல் படவில்லை. ஒரு குதிரை மட்டும் ஒருமுறை உதைத்தது. பிறகு கால் இரண்டும் வீங்கிக் காய்ச்சல் வந்து, கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுதக் கை நடுங்கியதால் இவ்வளவு நாள் எழுதவில்லை. இப்போது வீக்கம் வடிகிறது. பார்லிச் சோறு போடுகிறார்கள், இந்த வீக்கத்துக்கு அதுதான் மருந்தாம்."

உஷிஜிமா நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடுத்த வரியைத் தனக்குள் ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு சத்தமாக வாசித்தார்.

"'ஒருநாள் மகாராணி அம்மா எங்கள் அறைக்கு வந்தார்களாம். பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். நான் பார்க்கவில்லை. எனக்குக் குளிர்க்காய்ச்சல். தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டேன்.'"

"அடப் பாவி!" என்று ஷிகே கத்தினாள். "மகாராணி வந்து நிக்கிறாங்க, இவன் குறட்டை விட்டிருக்கான்! இவன் நம்ம மசுஜிரோவேதான் அக்கா, சந்தேகமே இல்லை!"

தோராகிச்சி சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட, முகத்தைத் திருப்பிக்கொண்டு கரி படிந்த துண்டால் மூக்கைச் சிந்தினான். இசோ சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. கடுதாசியை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "அவரு சொன்னாரு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லைன்னு" என்றாள் தனக்குத்தானே. அருகில் நின்ற உஷிஜிமா தர்மசங்கடமாக இருமினார்.

வீட்டுக்கு வந்தவள் கை கால்கூடக் கழுவாமல் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். ஓடுகிற பையனைப் பார்த்தாள். அவன் காதைப் பார்த்தாள். தலைக்கட்டுக்காரனைப் பார்த்தாள். மகாராணியைப் பார்த்தாள். ஆஸ்பத்திரித் தாளின் இடது மூலையை இத்தனை நாளில் அவள் பார்த்ததே இல்லை. அங்கே கடைசிக் கட்டிலில் ஆள் தெரியவில்லை. ஒரு போர்வை மட்டும் மேடாக இருந்தது. படம் வரைந்தவர் முகம் வரையச் சோம்பல்பட்டு அப்படி விட்டிருக்கலாம்.

"ஏங்க, இங்க வாங்க. இது யாரு?"

தோராகிச்சி குனிந்து பார்த்தான்.

"போர்வை" என்றான்.

"போர்வைக்குள்ள?"

"இசோ, கல்லைத் துளைச்சு இன்னிக்குத்தான் அந்தப் பக்கம் போயிருக்கோம். ஒரு முழத்துக்கு வெந்த கரிதான். அதுக்கு மேல என்னன்னு நாளைக்குத்தான் தெரியும். அதையே சொல்லத் தெரியலை, போர்வைக்குள்ள இருக்கிறதை நான் எங்கே சொல்றது?"

பொய்ப் படம் உண்மையைச் சொல்லிவிட்டதா? இல்லை, உண்மை வேறு எங்கோ இருந்துகொண்டு தற்செயலாகப் படத்தைத் தொட்டதா? பிள்ளையைக் காப்பாற்றியது மகாராணிக்குப் புகையில்லாமல் மூட்டிய அடுப்பா, அந்நியப் பிள்ளைக்குச் சொன்ன நாமமா, குதிரையா? இசோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நன்றி யாருக்குச் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் எல்லாருக்கும் சொன்னாள்: மலைத் தெய்வத்துக்கு, புத்தருக்கு, மகாராணிக்கு, வேறொருத்தி பெற்ற அந்த ஓட்டக்காரனுக்கு.

பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். இடக்கைப் பக்கம் உயிருள்ள கரிக் கூடை, வலக்கைப் பக்கம் செத்த கரிக் கூடை. இன்றைக்கு எதன் முறை என்பது மறந்து போயிருந்தது. இரண்டிலும் ஒவ்வொரு பிடி அள்ளி, ஒன்றாகப் போட்டு மூட்டினாள். பாதிப் புகை வந்தது. போர்வை மேட்டின் பக்கம் அது போகாதபடி, விசிறியை எடுத்து நிதானமாக விசிற ஆரம்பித்தாள்.